அஸ்தம்பட்டிச் சுவரும் ஒரு வக்கீல் நோட்டீஸும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி, மருமகள் கதை எல்லாம் படித்தேன், அதையெல்லாம் நேரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். ‘இன்னுமாடி கோர்ட்டுக்குப் போற?’ என்று கேட்டிருந்தாயே, போகிறேன், இந்த இரண்டு மாதமாக முன்னைவிட அதிகமாகவே போகிறேன். காரணம் உன் கூட்டத்து ஆள் ஒருவர், பத்திரிகைக்காரர்.

ஏற்காட்டுக்காரத் தம்பி. மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகை கொண்டுவருகிறார். எழுதுகிறவர், பிழை திருத்துகிறவர், சேலத்தில் அச்சடித்த பத்திரிகைக் கட்டை எக்ஸெல் மொபெட்டில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கடை கடையாகப் போடுகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. (பிழை திருத்துவதைப் பற்றி நீ பார்த்தால் அழுவாய்.) மலையில் ஒரு தங்கும் விடுதி ஓடையை மறித்து வேலி போட்டிருக்கிறது என்று எழுதினார். ஒரு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது: ஒரு கோடி நஷ்டஈடு, நிபந்தனையற்ற மன்னிப்பு, இல்லாவிட்டால் சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும். அவர் வண்டியை விற்றால் இருபதாயிரம் தேறுமா என்பதே சந்தேகம்.

வக்கீல் என்று என்னிடம் வந்து உட்கார்ந்ததும் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். ஏதோ பதிவேட்டின் பக்கம், சாய்வாக, ஓரத்தில் அவர் கட்டைவிரல். “எழுதுறவரு டீ குடிக்கப் போனப்போ எடுத்தேங்க்கா” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நின்றால் முதல் கேள்வியே நீ அதை எப்படி எடுத்தாய் என்றுதான் வரும், ஓடை எங்கே போனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இத்தனைக்கும் அது அ-பதிவேடு, எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு, அதை அரசு இணையத்திலேயே சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். ராத்திரி வீட்டில் பார்த்தேன். ‘ஓடை’ என்று இருக்கிறதடி, புறம்போக்கு, வகைப்பாடு, விஸ்தீரணம் எல்லாம் சுத்தமாக. காலையில் முதல் வேலையாக சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டோம்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீ பத்திரிகையில் இருந்த காலத்து வழக்கு அது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் தன் கதையை எழுதினான், நக்கீரன் வெளியிடப் போனது, சிறைத்துறையிலிருந்து வெளியிடாதே என்று மிரட்டல் கடிதம் வந்தது, பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது, ஞாபகம் இருக்கிறதா? 1994 அக்டோபரில் தீர்ப்பு. நம்மைப் பற்றி அவதூறாக வரப்போகிறது என்று சொல்லி அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடுக்க முடியாது என்றார்கள். அதைவிட எனக்கு இப்போது உதவுவது இன்னொன்று: கோர்ட் ஆவணம் உட்பட பொது ஆவணத்தில் ஒரு விஷயம் ஏறிவிட்டால், அதைப் பற்றி எழுதும்போது அந்தரங்க உரிமை என்று சொல்லித் தடுக்க முடியாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் மாதிரி விஷயங்கள்தான் விலக்கு. ஆனால் அதிகாரியின் அலுவலக வேலையைப் பற்றி எழுதும்போது தப்பே வந்திருந்தாலும், நியாயமாக விசாரித்துத்தான் எழுதினேன் என்று காட்டினால் போதும் என்று அதே தீர்ப்பு தந்த சலுகை நம் தம்பிக்குக் கிடைக்காது, விடுதிக்காரர் தனி ஆள். ஆக ஓடைக்கு ஆவணம் கையில் இருந்தே தீர வேண்டும்.

வேடிக்கை என்ன தெரியுமா, அந்த ஆட்டோ சங்கரைத் தூக்கில் போட்டது இங்கேதான், 1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறையில். நம் கோர்ட்டும் அந்த ஜெயிலும் ஒரே அஸ்தம்பட்டி. அதே ஜெயிலில்தான் 1950 பிப்ரவரி 11 அன்று கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் சுட்டு 22 பேர் செத்தார்கள். பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை அந்தச் சாவுகளைக் கண்டித்து எழுதிய சமயம், மார்ச் 1 அன்று சென்னை மாகாண அரசு அந்தப் பத்திரிகை மாகாணத்துக்குள் வரவே கூடாது என்று தடை போட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார், அவருக்காக வாதாடியவர் சி.ஆர். பட்டாபிராமன். மே மாதமே தடை செல்லாது என்று தீர்ப்பு. பத்திரிகையை அச்சடிக்க மட்டும் விட்டுவிட்டுப் பரவ விடாவிட்டால் அது என்ன சுதந்திரம் என்பதுதான் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சொன்னதன் சாரம். அரசு சும்மா இருக்குமா, மறு வருஷமே அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் கொண்டுவந்து, பேச்சுச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் அந்தச் சுவரை ஒட்டித்தான் பஸ்ஸில் போய்வருகிறேன், இரண்டு வழக்கையும் சேர்த்து நினைத்துப் பார்த்தது இந்தத் தம்பி வந்த பிறகுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். நோட்டீஸ் கிடைத்த அன்றே கேவியட் போட்டேன், எங்களைக் கேட்காமல் தடை கொடுத்துவிடக் கூடாதே என்று. 90 நாள் தாங்கும். விசாரணையே நடக்காமல் கட்டுரைக்குத் தடை கொடுப்பது அபூர்வமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அந்தத் தீர்ப்பைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். கட்டட அனுமதிக் கோப்பைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு. நகல் மட்டும் கேட்காதே, கோப்பை நேரில் பார்வையிடவும் கேள் என்று எழுதவைத்தேன். முப்பதாவது நாள் பதில் வந்தது, ஒன்றரை வரி: ‘தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே)’.

முன்பெல்லாம் இந்தப் பிரிவைக் காட்டி மறுக்க வேண்டுமென்றால், அந்தத் தகவலுக்குப் பொது வேலையோடு சம்பந்தமில்லை, அல்லது அது தேவையில்லாமல் அந்தரங்கத்தில் தலையிடுகிறது என்றாவது சொல்ல வேண்டும். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையெல்லாம் வெட்டிவிட்டு ‘தனிப்பட்ட தகவல்’ என்று மட்டும் விட்டுவிட்டது, 2025 நவம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது. அதிகாரிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? இந்தியாவிலேயே முதலில் 1997-இல் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் நாம், அது எவ்வளவு பலவீனமான சட்டமாக இருந்தாலும். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தில் பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது: பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு முதல் மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். கட்டட அனுமதி என்பது ஒரு பொது அலுவலகம் சட்டப்படி எடுத்த முடிவு, அவர் வீட்டுப் படுக்கையறை ரகசியமா அது?

இதெல்லாம் சுலபம், மல்லிகா. கஷ்டமாக இருந்தது தம்பியோடுதான். கட்டுரையில் ஒரு வரி: ‘கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் வேலி போட்டார்கள்’. நோட்டீஸில் மூன்று இடத்தில் அந்த வரியை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஓடையைப் பற்றி ஒரே இடத்தில்தான் பேச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவர். “இதுக்கு என்னப்பா ஆதாரம்?” என்றேன். “ஊரே சொல்லுதுங்க்கா.” ஊர் வந்து கூண்டில் ஏறுமா? கிரிமினல் அவதூறு இன்னும் சட்டத்தில் இருக்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-500 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான், இரண்டு வருஷம் வரை உள்ளே போகலாம். அந்த வரியை மட்டும் திரும்பப் பெறுகிறோம், ஓடைச் செய்தியில் உறுதியாக நிற்கிறோம் என்று அடுத்த இதழில் போடு என்றேன். முகம் கறுத்துவிட்டது. “அப்ப நான் பயந்துட்டேன்னு ஆகிடுமே” என்று எழுந்து போனவர், நாலு நாள் கழித்துத்தான் வந்தார், ஒரு பை மிளகோடு. ஃபீஸ் கேட்டுவிடுவேனோ என்று முந்திக்கொண்டார் போல.

நான் சொன்னது சரிதானா என்று எனக்கே ராத்திரியில் தோன்றுகிறது. அவர் எழுதிய அந்த வரி பொய்யாக இருக்காது என்றுதான் என் மனசு சொல்கிறது. ஆனால் வக்கீலுக்கு மனசு சொல்வது எதற்கு ஆகும்? உங்கள் ஆபீஸில் இருந்த மாதிரி செய்தி அச்சேறும் முன் சட்டக்கண்ணால் பார்க்க ஒரு ஆள் இவருக்கும் இருந்திருந்தால், அந்த வரியை அன்றைக்கே அடித்திருப்பார், ஓடை தப்பித்திருக்கும். சின்னப் பத்திரிகைக்கு வக்கீல் எப்போதும் நோட்டீஸ் வந்த பிறகுதான். இப்போது இதழ் அச்சுக்குப் போகுமுன் வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நேற்று ஒன்று வந்தது, கோவில் கும்பாபிஷேகச் செய்தி. அதிலும் அறங்காவலரை ஒரு இடி இடித்திருக்கிறார்.

மேல்முறையீட்டு விசாரணை அடுத்த புதன்கிழமை. பதில் நோட்டீஸைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன், சிவப்பு மையோடு ஒரு பார்வை பார். அந்தத் திரும்பப் பெறும் நாலு வரியை மட்டும் நீயே எழுதிக் கொடேன், நான் எழுதினால் மனு மாதிரி இருக்கிறது, அவர் எழுதினால் திரும்பவும் சண்டை மாதிரி இருக்கிறது. மிளகில் பாதி உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மாம்பழ சீசனுக்கு வா, தட்டுவடை செட் சாப்பிட்டு வெகுநாளாகிறது என்று எழுதியிருந்தாயே.

உன்
வசந்தா
சேலம்