நகாத்தாவுக்கு ஓய்வில்லை

நிஷி கசாய், டோக்கியோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலந்தானே? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நான் குடியிருக்கும் பகுதியில் நம் நாட்டவர் ஏராளம் என்பதால் கறிவேப்பிலைக்கும் துவரம்பருப்புக்கும் பஞ்சமில்லை, சித்தியிடம் சொல்லிவிடுங்கள். ரயிலில் யாரும் போனில் பேசமாட்டார்கள். அத்தனை தலைகளும் திரைக்குள் கவிழ்ந்திருக்கும். அந்தத் திரைகளில்தான் உங்கள் ஆளை அடிக்கடி பார்க்கிறேன். ஜப்பான் கால்பந்து வீரர் ஹிதெதோஷி நகாத்தாவைத்தான் சொல்கிறேன்.

2002 உலகக் கோப்பையில் துனிசியாவுக்கு எதிராக அவர் தலையால் முட்டிய கோலைப் பற்றி வியாசர்பாடி முழுக்கப் பேசித் திரிந்தீர்களே! அவர் ஆட்டத்தை விட்டது 2006-இல், 29 வயதில். இணையம் மட்டும் அவரை விடவில்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைப் பையன் அப்போது பால்வாடிக்குப் போயிருப்பான். அவன் மதியச் சாப்பாட்டின்போது ஒரு வீடியோவைக் காட்டினான். 2001 மே, இத்தாலியின் டூரின் நகரம். யுவென்டஸ் அணியிடம் அவருடைய ரோமா அணி 2-0 என்று பின்தங்கியிருக்கிறது. நட்சத்திர ஆட்டக்காரர் டோட்டியை வெளியே அழைத்துவிட்டு நகாத்தாவை இறக்குகிறார் பயிற்சியாளர் கபெல்லோ. தொலைவிலிருந்து ஒரே உதை, பந்து வலைக்குள். ஆட்டம் முடியும் நேரத்தில் மறுபடி உதைக்கிறார்; கோல்கீப்பரின் கைக்குத் தங்காத பந்தை சக வீரர் மொன்டெல்லா உள்ளே தள்ளிவிடுகிறார். 2-2. அந்த ஆண்டு ரோமாதான் இத்தாலியின் சாம்பியன். ஐரோப்பியர் அல்லாத ஆட்டக்காரர்களுக்கு இருந்த கட்டுப்பாட்டைச் சற்று முன்புதான் தளர்த்தியிருந்தார்கள். இல்லையென்றால் அன்று அவர் களத்துக்கே வந்திருக்க முடியாது. வெளிநாட்டவருக்கான வசிப்பிட அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடமாடும் எனக்கு, கோலைவிட இதுதான் மனதில் தைத்தது.

ஒரு குறை. பந்து காலுக்கு வருமுன்பே இடமும் வலமும் கழுத்தைத் திருப்பி ஆள் எங்கே என்று பார்த்துவைப்பாரே, பையன்களுக்கு நீங்கள் மாய்ந்து மாய்ந்து சொல்லிக்கொடுத்தது, அதை இந்த வீடியோக்களில் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். கழுத்துக்கு யார் லைக் போடுவார்கள்!

கணக்குப் பிரிவில் ஓர் அம்மாவுக்கு அவர் கோட்டு அணியும் அழகு மட்டுமே தெரியும். வேறு சிலருக்கு அவர் சாக்கே மது வியாபாரி. முகம் சுளிக்காதீர்கள், மரியாதையான தொழில்தான். ஜப்பானின் 47 மாநிலங்களையும் சுற்றி, அரிசி மது வடிக்கும் பழைய குடும்பங்களைத் தேடிப்போய்க் கற்றுக்கொண்டு 2015-இல் நிறுவனம் தொடங்கினார். இங்கே டோக்கியோவின் ரொப்போங்கியில் அவர் நடத்தும் சாக்கே விழாவில் கூட்டம் அலைமோதுகிறது.

ஆனால் இணையம் அவருக்குப் புதிதல்ல. பத்திரிகைக்காரர்களோடு ஒத்துப்போகாமல், ட்விட்டர் பிறப்பதற்கு வெகுமுன்பே, சொந்த இணையதளம் வைத்து ரசிகர்களுக்கு நேரடியாக எழுதியவர். ஓய்வையும் 2006 ஜூலை 3 அன்று அதில்தான் அறிவித்தார். அதற்குச் சில நாள் முன்பு டோர்ட்மண்டில் பிரேசிலிடம் 4-1 என்று தோற்றபின் மைதானத்தின் நடுவட்டத்தில் மல்லாந்து கிடந்தாரே, அந்தப் படம் இன்றும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நாடகம் என்று அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சித்தப்பா. விலகப்போவது தெரிந்தவன் வேறு எங்கே போய்ப் படுப்பான்?

டூரின் ஆட்டம் முழுதாகக் கிடைத்தது. தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் பாதியைத் தள்ளிவிடுங்கள். அவர் களத்தில் இல்லை. கண் சொட்டு மருந்துக்கான பணம் அடுத்த வாரம் வரும்.

அன்புடன்,
குமரன்