ரைன் நதிக்கரைப் பால்கனி

அன்புள்ள தம்பிக்கு,

சுவிட்சர்லாந்தின் பாசலிலிருந்து நீ அனுப்பிய படம் பார்த்தோம். அம்மாவுக்கு நீ இளைத்துப்போனதுதான் கண்ணில் பட்டது. எனக்கு உன் பின்னால் தெரியும் அந்த ஓட்டல் பால்கனி. 1901இல் அங்கே கம்பியில் கை ஊன்றி ஆற்றைப் பார்த்தபடி ஒரு தாடிக்காரர் நிற்கும் படம் உலகப் பிரசித்தம். தியோடர் ஹெர்ட்சல். யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிச இயக்கத்தைத் தொடங்கியவர்.

வியன்னாப் பத்திரிகைக்காரர். 1895 ஜனவரியில் பாரிசில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைத் துரோகி என்று சொல்லி, பட்டாளத்தார் முன்னால் அவர் வாளை முறித்தபோது செய்தி சேகரிக்கப் போயிருந்தார். மறு வருஷமே யூதர்களுக்குத் தனி நாடு கேட்டுச் சின்னப் புத்தகம் ஒன்று போட்டார்.

1897 ஆகஸ்டில் நீ இருக்கும் பாசலில் சுமார் 200 பேரைக் கூட்டி மாநாடு நடத்தினார். தொடக்க நாளில் கருப்புக் கோட்டும் வெள்ளை டையும் கட்டாயம். கூட்டாளி மாக்ஸ் நோர்டாவ் சாதாரணக் கோட்டில் வந்து நின்றார்; மாற்றவும் மறுத்தார். ஹெர்ட்சல் தனியே அழைத்துப்போய்க் கெஞ்சித்தான் மாற்றவைத்தார். நாடே இல்லாதவர்கள் கூடும் இடத்துக்கு நாடாளுமன்றக் களை வேண்டும் என்பது அவர் கணக்கு. (உன் தாய்மாமாவை என் கல்யாணத்தில் வேட்டி கட்டவைக்க நான் பட்ட பாடு ஞாபகம் வந்தது.)

சில நாளில் டைரியில் எழுதினார்: பாசலில் யூத நாட்டை நிறுவிவிட்டேன், இப்போது உரக்கச் சொன்னால் சிரிப்பார்கள், ஐந்து வருஷத்தில் இல்லாவிட்டாலும் ஐம்பதில் எல்லாரும் காண்பார்கள். 1947இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்க ஐ.நா. வாக்கெடுப்பு, 1948 மே 14இல் இஸ்ரேல்.

இவ்வளவு தூரம் பார்த்தவர் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் தியா அல் காலிதி 1899இல் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் ஆசை நியாயம்தான், ஆனால் பாலஸ்தீனத்தில் ஏற்கெனவே மக்கள் இருக்கிறார்கள், கடவுள் பெயரால் அதை விட்டுவிடுங்கள் என்று. நாங்கள் வந்தால் உங்கள் சொத்து மதிப்பு ஏறும் என்கிற மாதிரி பதில் போனது. அவர் கேட்டது ஒன்று, இவர் சொன்னது வேறு. எனக்கு அதைப் படித்தால் இன்றும் எரிச்சல்தான். 1948இல் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள்.

அதற்காக, யூதர்களுக்குப் பாதுகாப்பில்லை என்ற ஹெர்ட்சலின் பயம் பொய் என்று சொல்லிவிட முடியாது. 1904இல் அவர் 44 வயதில் போய்விட்டார். கடைசி மகள் ட்ரூடே 1943இல் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் செத்துப்போனாள். இரண்டையும் சேர்த்தே படி.

அந்த மாநாடு நடந்த மண்டபத்தில் இப்போதும் கச்சேரி நடக்கிறது. ஒருநாள் போய்விட்டு எப்படி இருந்தது என்று எழுது. கோட்டு போட்டுக்கொண்டு போ. அப்புறம், ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்ததா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா