விடுப்புக் கடிதத்தில் 'வயிற்றுப்போக்கு' என்றே எழுதுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் மூன்றாம் வகுப்பிலிருந்து நான்கு விடுப்புக் கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. நான்கிலும் 'காய்ச்சல்' என்றே எழுதியிருந்தது. பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளிடம் வகுப்பாசிரியர் பரிவோடு விசாரித்தபோதுதான், நால்வருக்கும் இருந்தது வயிற்றுப்போக்கு என்பதும், அவர்களில் மூவர் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகள் என்பதும் தெரியவந்தன. 'பேதி' என்று எழுதக் கூச்சமாக இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு சொல் முதல் நாளே கிடைத்திருந்தால், குழாயைப் பார்க்கும்படி ஊராட்சிக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் அன்றைக்கே தகவல் சொல்லியிருப்போம். மூன்றாவது பிள்ளையாவது தப்பியிருக்கக் கூடும்.

நம் கடைமடைப் பகுதிக்கு இது புதிய கவலை அன்று. 2022 ஜூலைத் தொடக்கத்தில், பக்கத்திலிருக்கும் காரைக்காலில் வயிற்றுப்போக்கோடு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்து, சிலருக்குக் காலரா உறுதியானதால், பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் பள்ளிகள் மூன்று நாள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே ஓடும் ஊரில், குழாயில் விழும் ஒரு விரிசலே போதும். தண்ணீர் வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து வெளிக்கழிவு உள்ளே இழுக்கப்படுகிறது. மறுபடி தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் அது வந்து சேர்கிறது.

வயிற்றுப்போக்கு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதன் பின்னால் இருக்கும் கிருமிகள் பல. கைக்குழந்தைகளைக் கடுமையாகத் தாக்குவதில் முதலிடம் ரோட்டா வைரஸுக்கு. தமிழ்நாட்டில் 2017 முதல் இதற்கான சொட்டு மருந்து 6, 10, 14 ஆகிய வாரங்களில் அரசு மையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் தயவுசெய்து தவறவிடாதீர்கள். நோரோ வைரஸ், ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகள், சால்மோனெல்லா, ஜியார்டியா என்று பட்டியல் இன்னும் நீளும். நான் நின்று சொல்ல விரும்புவது காலரா, ஷிகெல்லா ஆகிய இரண்டைப் பற்றி. காலரா பற்ற வேண்டுமானால் பெரும்பாலும் லட்சக்கணக்கான கிருமிகள் வயிற்றுக்குள் போக வேண்டும். அதனால்தான் அது தண்ணீர் வழியாகத் தெருத்தெருவாகப் பரவுகிறது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கோ நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். கழிப்பறையிலிருந்து சோப்பு போடாமல் வந்த ஒரு விரல், பக்கத்துப் பிள்ளையின் முறுக்கைத் தொட்டாலே அது தாவிவிடும். ஆகவே தண்ணீரை மட்டும் காய்ச்சிவிட்டுக் கையை மறந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆகட்டும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் கொதிநீரில் அழிந்துவிடும். ஆனால் காய்ச்சிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு, டம்ளரை விரலோடு முக்கி மொண்டால் காய்ச்சியதற்குப் பயனில்லை. நீளக் கைப்பிடி உள்ள அகப்பை ஒன்றைக் குடத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தண்ணீர் பாட்டிலையும் இன்று மாலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பாட்டிலின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளிருந்த ரப்பர் வளையத்துக்கு அடியில் கரும்பச்சைப் பாசி வழவழவென்று படிந்திருந்தது. அந்தத் தாய் தினமும் தண்ணீரைக் காய்ச்சித்தான் ஊற்றியிருக்கிறார். வளையம் கழன்று வரும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

பேதி தொடங்கிவிட்டால் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று பெரியவர்கள் சொல்வது இந்த நோய்க்குப் பொருந்தாது; 'குடல் ஏறிவிட்டது' என்று சொல்லி, அதைத் தட்டி இறக்குபவரைத் தேடி அலையும் நேரத்திலும் உடம்பின் தண்ணீர் வற்றிவிடும். எந்தக் கிருமியானாலும் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் நீரும் உப்பும் இழப்பதால்தான். பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும், இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். கஞ்சி, இட்லி, மோர், தாய்ப்பால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பிறகும், 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக்கோ பேதியை நிறுத்தும் மாத்திரையோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்; வைரஸால் வரும் பேதிக்கு ஆன்டிபயாட்டிக் உதவாது. மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், சிறுநீர் இறங்காமை, எழுப்பினால் எழாத சோர்வு, குடிக்கவே முடியாத நிலை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

பேதி நின்று இரண்டு நாள் கழியும்வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள். அந்த விடுப்புக்காகப் பிள்ளையை யாரும் கண்டிக்க மாட்டார்கள்; விட்ட பாடத்தை ஆசிரியர்கள் தனியே நடத்துவார்கள். வயிற்றுப்போக்கு என்று எழுதியதற்காக எந்தப் பிள்ளையின் பெயரும் வகுப்பில் சொல்லப்படாது என்று உறுதியளிக்கிறேன்.

இனி விடுப்புக் கடிதத்தில் வயிற்றுப்போக்கு என்று எழுதி, அது எப்போது தொடங்கியது, ரத்தம் கலந்திருந்ததா, வீட்டில் எந்தக் குழாயின் தண்ணீர் புழங்குகிறது ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். எழுத இயலாதவர்கள் காலையில் பிள்ளையின் அண்ணன், அக்காவிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினாலும் போதும், வகுப்பாசிரியர் குறித்துக்கொள்வார்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
நாகப்பட்டினம் மாவட்டம்.