தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்றுக்கு வழி விடுங்கள்

கட்டுமான நிறுவனங்களின் கொள்முதல் பிரிவினருக்கும் தளப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இரவு ஷிஃப்ட் முடித்தவர் போர்ட்டா கேபினின் (தளத்தில் தொழிலாளர்கள் தங்கும், தூக்கி நிறுத்தும் தகர அறை) மேல் கட்டிலில் ஏறிப் படுப்பது காலையில். முகத்துக்கு இரண்டரை அடி மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்கு மேலே அரையடி வெற்றிடம், அதற்கும் மேலே அரை மில்லிமீட்டர் தகர ஷீட். சித்திரை வெயிலில் அந்த ஷீட் 60 டிகிரியைத் தாண்டிவிடும். நடுவில் சிக்கிய காற்று போக இடமில்லாமல் வெந்து, சாயங்காலம் வரை சீலிங்கைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனாலும் உங்கள் கேபின் ஆர்டரில் நீளம், அகலம், ஜன்னல், பெயின்ட் நிறம் எல்லாம் இருக்கிறது. கூரை வெற்றிடம் பற்றி ஒரு வரி இல்லை. கேபின் செய்து நிறுத்தும் நாங்கள் கேட்பது அந்த வரியைத்தான்.

அமெரிக்காவில் தொழிற்சாலையில் கட்டி இழுத்துவரும் வீடுகளுக்கு மத்திய அரசு விதி ஒன்று உண்டு. வெற்றிடத்தின் தரைப் பரப்பில் 300-ல் ஒரு பங்கு திறந்த வழி வேண்டும், அதில் பாதியாவது மேல்பகுதியில் இருக்க வேண்டும். அங்கே பெரிய கவலை ஈரம். இங்கே வெயிலும் சேர்வதால் 150-ல் ஒரு பங்கு வையுங்கள் என்கிறோம்.

40-க்கு 10 அடி கேபின் என்றால் 400 சதுர அடி. 150-ல் வகுத்தால் 384 சதுர அங்குலம். தாழ்ந்த பக்கம் 192, உயர்ந்த பக்கம் 192. இதற்குத் தனி ஜன்னல் எதுவும் வெட்ட வேண்டாம். ஒருபக்கச் சரிவுக் கூரையில் இரண்டு நீளப் பக்கங்களிலும், ஷீட்டுக்கும் சுவர் பேனலுக்கும் நடுவே முக்கால் அங்குலம் தொடர்ச்சியாக விட்டால் பக்கத்துக்கு 360 சதுர அங்குலம் கிடைக்கும். வலைக் கம்பி கால் பங்கை மறைத்தாலும் 270 மிஞ்சும். சிமென்ட் தூசி படிவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கூடுதல். சரிவு ஏற்றம் 8 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்; மட்டமான கூரையில் சூட்டுக் காற்று நகராமல் நின்றுவிடும். சாரல் உள்ளே அடிக்காதபடி ஷீட் இரண்டு பக்கமும் 6 அங்குலம் வெளியே நீளட்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடுக்கில்தான். எலி வரும், மழை வரும் என்று பயந்து ஷீட்டின் மடிப்புகளில் ஃபோம் ஃபில்லர் திணித்து அடைத்துவிடுகிறார்கள். எலிக்கும் அணிலுக்கும் 6 மில்லிமீட்டர் வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போதும். கொசுவலை கட்டாதீர்கள், ஒரே மாதத்தில் தூசியால் அடைந்துவிடும். சீலிங்கில் ஓட்டை இல்லையென்றால் வெற்றிடத்துக்கு வரும் கொசு அறைக்குள் இறங்காது. அடுத்த தவறு, சீலிங் மேல் சூட்டைத் தடுக்க விரிக்கும் கிளாஸ்வுல்லை, அதாவது கண்ணாடிப் பஞ்சை, ஓரம் வரை தள்ளுவது. இடுக்குக்கு உள்பக்கம் 4 அங்குல உயரத்தில் பிளைவுட் பட்டை அடித்து நிறுத்துங்கள். பஞ்சுக்கு மேல் 2 அங்குலமாவது காற்று ஓட இடம் இருக்க வேண்டும்.

காற்றோட்டம் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சூடான ஷீட் கதிர்வீச்சாகவும் சீலிங்கைச் சுடும். அதைக் காற்று தடுக்காது. பர்லினுக்கு (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடியில் அலுமினிய ஃபாயிலை, பளபளப்பு கீழே பார்க்க, ஷீட்டைத் தொடாமல் இழுத்துக் கட்டுங்கள். மேலே பார்க்க விரித்தால் தூசி படிந்து பயனற்றுப் போகும். ஷீட்டோடு ஒட்டினாலும் சரி, பஞ்சின் மேல் படுக்கவைத்தாலும் சரி, காசு வீண். ஃபாயிலுக்கு மேலும் கீழும் காற்று போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷீட்டின் வெளிப்புறத்துக்கு வெள்ளை அடிப்பதும் நல்லது, ஆண்டுக்கொரு முறை கழுவினால்.

மார்கழியில் "கூரை ஒழுகுது" என்று வரும் புகார்களில் பல ஒழுகலே அல்ல. தெளிந்த இரவில் தகரம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். பன்னிரண்டு பேர் மூச்சு விடும் அறையின் ஈரம் சீலிங் ஓட்டைகள் வழியே மேலேறி, ஷீட்டின் அடியில் முத்தாகிச் சொட்டும். ஸ்க்ரூவைச் சுற்றி சிலிக்கான் பூசிப் பயனில்லை. லைட், ஃபேன் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். இடுக்கு திறந்திருந்தால் மிச்ச ஈரம் வெயில் ஏறியதும் உலர்ந்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனை வெற்றிடத்துக்குள் ஊதவிடுவது பெரும்பிழை. அது சுவர் வழியே வெளியே போகட்டும்.

வயரிங்: சாதாரண பிவிசி வயரின் தாங்கு வெப்பம் 70 டிகிரி. வெந்துகொண்டிருக்கும் வெற்றிடத்தில் அதே வயரில் வழக்கமான லோடு ஏற்ற முடியாது. ஏசி லைனைச் சுவரோரம் பைப்பில் கொண்டுபோங்கள். தெர்மாகோலைத் தொட்டபடி பிவிசி வயர் கிடந்தால் காலப்போக்கில் வயரின் மேலுறை மொறமொறப்பாகி விரிசல் விடும். தீ அபாயத்தையும் நினைத்தால், கூரையில் தெர்மாகோலைத் தவிர்த்து 50 மில்லிமீட்டர் கிளாஸ்வுல்லோ ராக்வுல்லோ போடுவதே சரி.

இரண்டடுக்காக நிறுத்திய இடத்தில் மேல் வரிசைக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். ஏற்கெனவே நிற்கும் கேபின்களில் முதலில் ஃபோம் ஃபில்லரைப் பிடுங்கி மெஷ் அடியுங்கள், பிறகு பஞ்சை ஓரத்திலிருந்து இழுத்துவிடுங்கள், கடைசியாக ஃபாயில். காற்றில்லாத மதியம் ஒன்றில் தாழ்ந்த பக்க இடுக்கில் ஒரு பஞ்சு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் உள்ளே சாய்ந்தால் வேலை சரி; அசையாமல் நின்றால் எங்கோ அடைப்பு.

ஆர்டரில் சேர்க்க வேண்டிய வரி இது: "கூரை வெற்றிடத்துக்கு இரு நீளப் பக்கமும் முக்கால் அங்குலத் தொடர் இடுக்கு, 6 மி.மீ. மெஷ்ஷுடன், ஃபாயில் பர்லினுக்கு அடியில், பளபளப்பு கீழ்நோக்கி." மாசி முடிவதற்குள் எழுதினால் இந்தக் கோடைக்கே நாங்கள் செய்து தருவோம்.

இப்படிக்கு,
கேபின் ஃபேப்ரிகேஷன் வேலை செய்வோர்