நேரசூசி ரீச்சருக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்புக்குரிய ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

பார்வை இல்லாத என்னை வகுப்பறையிலிருந்து எடுத்து நூலகக் கடமைக்கு விடச் சொன்ன கடிதம் மீளப்பெறப்பட்டுவிட்டது. தரம் 10, 11 வரலாறு பாடத்துக்கு நானே தொடர்ந்து போகிறேன். செய்தி கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. சரி, ஆறிப்போகுமுன் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். யார் என்ன எழுதினார்கள், எந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று மறுபடி கிளற விருப்பமில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் எங்கள் நேரசூசி ரீச்சர். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். புவியியல் படிப்பிக்கிறவர், எந்த வகுப்புக்கு எப்போது எந்தப் பாடம் என்று பாடசாலையின் நேரசூசி போடுகிற வேலையும் அவருடையதுதான்.

கண் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நான் வாசிப்பது திரைவாசிப்பான் மூலம். எழுத்தைக் குரலாக்கித் தருகிற மென்பொருள் அது. என்.வி.டி.ஏ. என்ற ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆனால் கணினி தமிழாகவே அறிகிற யுனிகோட் முறையில் தட்டிய தமிழாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் இன்னும் பாமினி எழுத்துருவை விட்டபாடில்லை. பாமினியில் தட்டியது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று உங்களுக்குத் தெரிவதை என் கணினி 'எம் கே, கே எச்' என்று உளறும். ஒரு பக்கச் சுற்றறிக்கையை அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

தவணை தொடங்கும்போது நேரசூசி ஓய்வறைச் சுவரில் ஒட்டப்படும். எல்லோரும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் யாரையாவது வாசிக்கச் சொல்லி பிரெய்லில் குத்தி வைத்துக்கொள்வேன். அதுதான் வழமை, அதில் எனக்குக் குறையும் இருக்கவில்லை. அந்தக் கடிதம் வந்த கிழமையில், இனி எனக்கு நேரசூசியே தேவைப்படாதோ என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு இரவு, வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. திறந்தேன். "திங்கட்கிழமை. முதலாம் பாடவேளை. தரம் 11 ஆ. வரலாறு" என்று குரல் தெளிவாக வாசித்தது.

முழு நேரசூசியையும் யுனிகோட்டில் மறுபடி தட்டியிருந்தார். அதுவும் அட்டவணையாக இல்லை. அட்டவணையைக் காதால் கேட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்றே பிடிபடாது. நாள்வாரியாக, ஒரு பாடவேளைக்கு ஒரு வரியாக எழுதியிருந்தார். இதை யார் சொல்லித் தந்தார்கள் என்று அடுத்த நாள் கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர். என்ர போனில அந்தக் குரலைப் போட்டுக் கேட்டுப் பாத்தன். கட்டமாய் இருக்கேக்க எனக்கே விளங்கேல்லை. அதுதான் மாத்தினனான்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டார். நான் அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டேன். கண் தெரியாத ஒருவருக்கு இரக்கப்படுகிறவர்கள் ஊரில் ஏராளம். அவருடைய காதால் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

அந்தக் கோப்பை முழுதாகக் கேட்ட பிறகுதான் இன்னொன்று விளங்கியது. என் வகுப்புகள் எல்லாம் கீழ்த்தளத்தில், ஒரே வரிசையில் இருந்தன. தரம் 11க்கு எனக்குப் பாடம் இருக்கிற நேரங்களில் ஒன்று அவருக்கு ஓய்வுப் பாடவேளையாக இருந்தது. "தேசப்படம் வருகிற பாடத்துக்கு நான் வாறன் சேர். நீங்கள் சொல்லுங்கோ, நான் குறிக்கிறன்" என்றார். சாதாரண தரப் பரீட்சையில் இலங்கைப் படத்தில் இடம் குறிக்கிற வினா வரும். என் மீது சொல்லப்பட்ட பெரிய குறையே அதுதான்: பார்வை இல்லாதவர் படத்தை எப்படிப் படிப்பிப்பார்?

இப்படித்தான் படிப்பித்தோம். மன்னார்ப் பக்கத்துப் பழைய மாந்தைத் துறைமுகத்துக்கு ஏன் அவ்வளவு கப்பல் வந்தது என்று நான் சொல்வேன். ரீச்சர் இடத்தைக் குறித்துவிட்டு, பருவக்காற்று எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து வீசும் என்று பிள்ளைகளைக் கேட்பார். அவர்கள் அதற்குப் பதில் தேடும்போது என் பாடமும் சேர்ந்து விளங்கும். வரலாறும் புவியியலும் ஒரே வகுப்பில் நின்றால் எவ்வளவு நல்ல பாடம் வரும் என்பதை நானே அப்போதுதான் கண்டேன். எங்கள் இருவருடைய பாடக்குறிப்பும் பிள்ளைகளின் வேலைகளும் அந்தக் கடிதத்துக்கு எதிரான மேன்முறையீட்டோடு போயின. அவற்றைத் தொகுத்தவரும் அவர்தான்.

பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88ஐ யுனிகோட்டில் தட்டித் தந்ததும் அவரே. அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லி 1988இல் வந்தது அது. தேவையான தகைமை இருக்க வேண்டும், குறைபாடு கடமைக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் அதில் உண்டு. எங்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள் பிடித்துக்கொள்வது அந்த நிபந்தனையைத்தான். 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2016இல் அவர்களுடைய உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்றுக்கொண்டது. இருந்தும் தடை என் கண்ணில் இருக்கிறதா, மேல்மாடி வகுப்பிலும் பாமினி எழுத்திலும் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். ஆசிரியர் சங்கக் கிளைத் தோழர்களுக்கு நன்றி. வேறு சங்கத்தில் இருந்துகொண்டும் கையொப்பம் வைத்தவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. 2021 சம்பளப் போராட்டத்தில் பல சங்கங்கள் ஒன்றாக நின்றதற்குப் பிறகு அப்படி ஒரு கையொப்பப் பக்கத்தை நான் பார்க்கவில்லை. தன் அனுபவத்தை எழுதி அனுப்பிய தென்பகுதிப் பார்வையற்ற ஆசிரியருக்கும், அதைத் தமிழாக்கித் தந்த எங்கள் சிங்கள ஆசிரியைக்கும், காசு வாங்காமல் கடிதம் எழுதித் தந்த சட்டத்தரணிக்கும், அதிபருக்கும், வேலையை விட்டுக் கூட்டத்துக்கு வந்த தாய்மாருக்கும், ஓட்டோ அண்ணாவுக்கும்.

இந்த ஊருக்கு இது புதிய கதையும் அல்ல. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று சம ஆசனத்துக்காகப் பேசியது. அதை முன்னின்று நடத்திய ஹண்டி பேரின்பநாயகம் ஒரு ஆசிரியர். பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். அன்றைக்கும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். யார் பிள்ளைகளோடு இருக்கலாம் என்ற கேள்வி இப்போது ஓய்வறைக்கு வந்திருக்கிறது. பார்வையற்ற பட்டதாரிகளும், செவிப்புலன் குறைந்தவர்களும், சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். தீவகத்தில் ஆசிரியர் இல்லை, கணிதத்துக்கு ஆள் இல்லை என்று பேசுகிற நாங்கள் இவர்களை வீட்டில் இருத்தி வைத்திருப்பது எனக்குப் பெரிய வேதனை.

ஆகவே ஒரு உறுதி. அவர்களில் யாருக்காவது நேர்முகத் தேர்வு வந்தாலோ, என்னுடையதுபோல் ஒரு கடிதம் வந்தாலோ, மேன்முறையீடு எழுதும்போது நான் பக்கத்தில் இருப்பேன். கிளைக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை விடாமல் வைப்பேன்: சுற்றறிக்கைகள் யுனிகோட்டில் வர வேண்டும், கூடிக் கற்பிக்கும் பாடவேளை நேரசூசியிலேயே இடம்பெற வேண்டும். பாமினியில் சுற்றறிக்கைகள் வைத்திருக்கிறவர்கள் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். ரீச்சரும் நானும் சனிக்கிழமைகளில் மாற்றிப் பொதுவில் போடத் தொடங்கிவிட்டோம். முதலில் நியமனம், இடமாற்றம் பற்றியவை.

மிக்க நன்றியுடன்,
உங்கள் வரலாறு சேர்
யாழ்ப்பாணம்