மிச்சம் ரெண்டு பேஸையும் குடுத்துடுங்க சார்

எங்க ஏரியா ஈபி செக்‌ஷன் ஆபீஸ் ஏஈ (அசிஸ்டென்ட் இன்ஜினியர்) சாருக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை உங்க ஆபீஸ்லேருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. அஞ்சு மாசம் கழிச்சாவது நான் கேட்ட த்ரீ பேஸ் லைனுக்கு (வீட்டுக்கு வர்ற ஒரு பேஸுக்கு பதிலா, மெஷின் மோட்டார் ஓட மூணு பேஸும் வர்றது) இடம் பாக்க வந்துட்டாங்களேன்னு சேர் எடுத்துப் போட்டு மோர் வேற குடுத்தேன். மோரை குடிச்சு முடிச்சுட்டு தான் சொல்றாங்க, வீட்டு சர்வீஸ்ல லேத் (இரும்பை சுத்தவிட்டு கடையிற மெஷின்) ஓடுதுன்னு கம்ப்ளைன்ட் வந்திருக்கு, மின்சார சட்டம் 126வது செக்‌ஷன்ல போட்டா ரெண்டு மடங்கு ரேட்டு, எப்போலேருந்து ஓடுதுன்னு தெரியலன்னா 12 மாசத்துக்கு சேத்து கட்டணும்னு. சட்டத்தை கரெக்டா தான் சொன்னாங்க, அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா வீட்டு கரண்ட்ல ஓட்ட எனக்கு இஷ்டம் இல்ல, தொழில் டேரிஃப்ல த்ரீ பேஸ் குடுங்கன்னு எழுதி குடுத்து பணம் கட்டிட்டு உக்காந்திருக்கவனே நான் தானே சார்? கம்ப்ளைன்ட்டுக்கு ரெண்டே நாள்ல வந்த வண்டிக்கு அப்ளிகேஷனுக்கு வர வழி தெரியலையா?

ஃபைல்ல எல்லாம் இருக்கு, திரும்ப சொல்லல. சொந்த வீடு, வீட்டு வரி ரசீது, குடிசைத் தொழில் 3ஏ1 டேரிஃப்ல கேட்டிருக்கேன், டெபாசிட் கட்டியாச்சு. உங்க கவுண்டர்ல சொல்ற பதில் மட்டும் மாசத்துக்கு மாசம் மாறுது. மொதல்ல மீட்டர் இல்லன்னாங்க, அப்புறம் கேபிள் இல்லன்னாங்க, இப்போ டிரான்ஸ்ஃபார்மர்ல லோடு இல்லையாம். என் காம்பவுண்ட் சுவரை ஒட்டியே உங்க பில்லர் பாக்ஸ் (தெருவுக்கு கரண்டை பிரிச்சு குடுக்கற பெட்டி) நிக்குது, மூணு பேஸும் அதுல வந்து உக்காந்திருக்கு, அதுலேருந்து தான் பின்னாடி தெரு புது அபார்ட்மென்ட்டுக்கு லிஃப்ட்டோட சேத்து த்ரீ பேஸ் போச்சு. பாக்ஸுக்கும் என் மீட்டருக்கும் நடுவுல இருக்கறது ஒரு செம்பருத்தி செடி தான்.

என்கிட்ட இருக்கறது ரெண்டு ஹெச்பி லேத். இதை சிங்கிள் பேஸ்ல ஓட்ட நான் பட்ட பாட்டை மட்டும் கேளுங்க. ஊர்ப்பக்கம் பம்ப்செட்டுக்கு போடுற மாதிரி கண்டென்சர் போட்டு பாத்தேன், மோட்டார் சுத்துச்சு, ஆனா கொஞ்சம் ஆழமா கட் குடுத்தா உறுமிட்டு நின்னுடும், கை வச்சா பாடி கொதிக்குது. சரின்னு பாரிஸ் கார்னர்ல அலைஞ்சு ஒரு விஎஃப்டி (சிங்கிள் பேஸை த்ரீ பேஸா மாத்தி மோட்டாரை ஓட்டுற எலக்ட்ரானிக் பெட்டி) வாங்கிட்டு வந்தேன். அது உள்ள 230 வாங்கி வெளிய த்ரீ பேஸா அதே 230 தான் குடுக்கும், மோட்டார் பிளேட்ல 415 ஸ்டார்னு (மூணு காயிலோட ஒரு முனையை ஒண்ணா சேத்து கட்டறது) அடிச்சிருக்கு. ஸ்டார்ல ஒவ்வொரு காயிலுக்கும் கிடைக்கறது 240 தான், அதனால டெல்டாவா (மூணு காயிலையும் முக்கோணமா கோக்கறது) மாத்திட்டா போதும், ஒவ்வொரு காயிலுக்கும் முழு 230 கிடைச்சுடும், கணக்கு ஈசி. ஆனா பழைய மோட்டார், டெர்மினல் பாக்ஸ்ல மூணு ஒயர் தான் வெளிய வருது. வைண்டிங் கடை பையன் கவரை கழட்டி, டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, வார்னிஷ் புடிச்சு கல்லு மாதிரி இருந்த காயில் கட்டை பிளேடால கீறி கீறி உள்ள எங்கயோ மூணு முனையும் சேந்திருக்கிற ஜாயின்ட்டை தேடுறான், ஒரு இழை அறுந்தா மொத்தமா ரீவைண்டிங் தான்னு வேற சொல்லிட்டான், நான் மூச்சே விடல. ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு ஆறு ஒயரா வெளிய எடுத்து குடுத்தான், அந்த கைக்கு கும்பிடணும் சார்.

அவ்ளோ பண்ணியும் சாயங்காலம் ஆறரைக்கு மேல தெருவுல ஏசி எல்லாம் ஓட ஆரம்பிச்சா வோல்டேஜ் 190க்கு வந்துடும், 160லயும் பாத்திருக்கேன். உங்க ஆளுங்க வந்துட்டு போன மறுநாளே ஒரு பம்ப் ஷாஃப்ட், ஈஎன் 8 ஸ்டீல் ராடு, கடைசி கட் எடுத்துட்டு இருக்கேன், விஎஃப்டி லோ வோல்டேஜ்னு காட்டிட்டு டிரிப் ஆயிடுச்சு, டூல் கட்டுக்குள்ள மாட்டி கார்பைடு டிப் உடைஞ்சு ஷாஃப்ட்ல பள்ளம் விழுந்துடுச்சு. காலைலேருந்து பாத்த வேலை போச்சு, ராடு காசும் என் தலையில.

வீட்டுல இதுக்கு டைம்டேபிளே இருக்கு. கிரைண்டர் ஓடினா லேத் நிக்கணும், லேத் ஓடினா கிரைண்டர் நிக்கணும். போதாததுக்கு விஎஃப்டி கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும்ல, அதுல ஆர்சிசிபி (லீக்கேஜ் வந்தா கரண்டை வெட்டுற சுவிட்ச்) அப்பப்போ விழுந்து மொத்த வீடும் இருட்டாயிடும், எங்க வீட்டம்மா மாவு கையோட வந்து வாசல்ல நிப்பாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அந்த மௌனத்துக்கு பதிலா நீங்க நோட்டீஸே அனுப்பலாம், தாங்கிக்குவேன். மூணு ஹெச்பி மில்லிங் மெஷின் ஒண்ணு தார்ப்பாய்க்கு அடியில சும்மா கிடக்கு, அது 415 வோல்ட்லயே டெல்டாவா ஓடுறது, மாத்த வழி இல்ல, 230 குடுக்கற இந்த விஎஃப்டில அதுக்கு தெம்பு வராது. இப்போ அதுல பூனை குட்டி போட்டிருக்கு.

மேடைக்கு மேடை சிறுதொழில் பண்ணுங்க, நாலு பேருக்கு வேலை குடுங்கன்றாங்க. நாலு பேரா, எனக்கே வேலை இல்ல சார் ஆறரைக்கு மேல. 2024 பிப்ரவரில மத்திய அரசு ரூலை திருத்தி மெட்ரோ சிட்டில கனெக்‌ஷனுக்கு 7 நாள்னு இருந்ததை 3 நாளா ஆக்கினாங்க. புதுசா லைன் இழுக்கணும்னா நாள் கூட ஆகும்னும் அதுலயே இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா செம்பருத்தி செடியை தாண்டுறதெல்லாம் லைன் இழுக்கறதுல சேருமா? சென்னை மெட்ரோ சிட்டி தானே, இல்ல எங்க தெரு மட்டும் கிராமத்துல இருக்கா?

கோவத்துல கொஞ்சம் கூட பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க ஆபீஸ்ல ஆள் பத்தலன்றது எனக்கும் தெரியும், மழை பெஞ்சா ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணியில நிக்கறது உங்க லைன்மேன் அண்ணனுங்க தான். ஆனாலும் தொழில் டேரிஃப்லயே காசு வாங்கிக்கோங்கன்னு நானே கெஞ்சும்போது வேணாம்னா எப்படி சார்? 3ஏ1ல த்ரீ பேஸ் குடுங்க, அன்னைக்கே இந்த விஎஃப்டியை கழட்டி வச்சுடறேன், 126ம் தேவைப்படாது. இல்ல லோடு நிஜமாவே இல்லன்னா அதையாவது எழுத்துல குடுங்க, மேல யாரை பாக்கணுமோ நான் பாத்துக்கறேன்.

மீட்டர் போர்டுக்கு பலகை அடிச்சு எர்த் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு ரெடியா வச்சிருக்கேன். செடியை கூட வேற இடத்துல நட்டுடறேன். தயவுசெஞ்சு இந்த மாசத்துக்குள்ள ஒரு நாள் இடம் பாக்க ஆள் அனுப்புங்க சார், திங்கக்கிழமை காலைல மட்டும் வேணாம், அன்னைக்கு எங்க வீட்டுல மாவு அரைக்கிற நாள், லேத்தை ஓட்டி காட்ட முடியாது.

இப்படிக்கு,
பில்லர் பாக்ஸ் பக்கத்து வீட்டு லேத்காரன்