மீன்தொட்டிகளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்: பள்ளி மேலாளர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கும் வணக்கம்.

கடந்த மாதம் அதிகாரிகள் பள்ளிக்கு வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, அறிவியல் அறை வராந்தாவில் இருந்த நான்கு மீன்தொட்டிகளும் காலி செய்யப்பட்டன. பக்கத்தில் இருந்த சிறு குட்டையும் மண்போட்டு மூடப்பட்டது. டிங்கி அச்சம் என்று காரணம் சொன்னார்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும் என்பதால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: தொட்டிகளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்.

அன்று கொட்டப்பட்டது வெறும் தண்ணீர் அல்ல. புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தொட்டிக்கு இரண்டு கப்பி மீன்களை மட்டும் விட்டுக் காத்திருந்தார்கள். முறை வைத்துச் சோதனைக் குழாயில் நீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்தார்கள். என் மகளின் நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் வண்ணப் பென்சிலால் தீட்டிய சின்னக் கட்டங்கள்: மேலே கரும்பச்சை, பிறகு இளம்பச்சை, கடைசி வரிசையில் மஞ்சள். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை என்று பொருள். அந்த நிறம் வந்த பிறகே மற்ற மீன்களையும் நத்தைகளையும் சேர்த்தார்கள். நத்தை கண்ணாடியில் ஒட்டிய முட்டைத் திரளைக் கூட அவள் வரைந்து வைத்திருக்கிறாள். அது பொரிக்கும் நாளைக் குறிக்க விட்டிருந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

மணலை வெளுப்புநீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். மீன்களைக் கால்வாயில் கொட்டியிருக்கிறார்கள். தொட்டி மீனை ஒருபோதும் ஆற்றில் விடக்கூடாது என்று பிள்ளைகளின் ஆசிரியை கற்றுக்கொடுத்திருந்தார். நம் மலேசிய ஆறுகளில் பெருகிக் கிடக்கும் பண்டாராயா மீன் தென்னமெரிக்காவிலிருந்து தொட்டியில் வளர்க்க வந்தது. வளர்த்தவர்கள் கொண்டுபோய்க் கொட்டியதால் பரவியது. அதைப் படித்த பிள்ளைகளின் மீன்களையே பெரியவர்கள் கால்வாயில் விட்டது ஏன் என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

டிங்கியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் லயத்தில் அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் உண்டு. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப்புழு கிடந்தால் அபராதம் வரும் என்பதையும் அறிவேன். ஆனால் கப்பி மீன் இருக்கும் தொட்டியில் கொசுப்புழு பிழைப்பது அரிது, மீன் தின்றுவிடும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது யாரும் கவனிக்காத தெளிந்த நீரை. சென்ற சனிக்கிழமை கூட்டுப்பணிக்கு வந்தபோது, சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் அதே தொட்டிகள் வாய் திறந்தபடி அடுக்கிக் கிடந்தன. உள்ளே மழைநீர் தேங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன், புழுக்கள் நெளிந்தன. கொட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மீன் இருந்தவரை இல்லாத ஆபத்து, மீனை அகற்றிய பிறகு வந்திருக்கிறது.

நான் செம்பனை ஆலையில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன். ஆலையிலிருந்து வரும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனின் அளவு, லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுமுன் அது 100க்குள் இறங்கியாக வேண்டும். இறக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். இதை நான் வேலைக்குப் போன பிறகே கற்றேன். என் மகள் பதினொரு வயதில் ஒரு பஞ்சுத் துண்டைக் காட்டி எனக்கு விளக்கினாள். பாசி நீர் நிரப்பிய இரண்டு போத்தல்களில் ஒன்றில் மட்டும் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சிட்டிகை உரம் போட்டார்கள். சில நாளில் அது பச்சைக் குழம்பாகிவிட்டது. தோட்டத்தில் போடும் உரம் மழையில் கரைந்து ஓடினால் கால்வாய் நீர் என்ன ஆகும், இரவில் அந்தப் பாசியும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்வதால் விடியற்காலையில் மீன்கள் ஏன் மேலே வந்து வாயைத் திறக்கின்றன என்பதெல்லாம் அந்தப் போத்தலிலிருந்து தொடங்கிய பேச்சு.

நாம் சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருக்கிறோம். கீழே கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகள், புழுப்பருவத்தில் கரைச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்பவை. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்தே போகிறது. 2020 செப்டம்பரில் இதில் மாசு கலந்தபோது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. 2019 மார்ச்சில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனத்தைக் கொட்டியதால் பள்ளிகளையே மூட வேண்டி வந்தது. நீரைப் பற்றித் தெரிந்துகொள்ள நம் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. இருந்தும் பயிற்சி நூல்களின் எடை குறையவில்லை. அறிவியலுக்கு 60, கலைக்கு 40 என்ற மாணவர் விகித இலக்கை அரை நூற்றாண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதிகாரிகள் வந்தால் சுவருக்குச் சாயம் பூசுகிறோம். பிள்ளைகள் மறுசுழற்சிப் பொருள் சேர்த்து விற்று வாங்கிய தொட்டிகளை மறைக்கிறோம். வந்தவர்களுக்கு முதலில் காட்டியிருக்க வேண்டியது அந்த வராந்தாவைத்தான். ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது எனக்கு மிகுந்த வருத்தம்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். அடுத்த வாரியக் கூட்டத்தில் இதைப் பேசித் தொட்டிகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். குட்டை வேண்டாம் என்றால் அதை நான் வற்புறுத்தவில்லை. தொட்டிகளுக்கு வலைமூடி அடித்துத் தருகிறேன். வாரம் ஒருமுறை நீரைப் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடவும், பள்ளி விடுமுறையில் மீனுக்குத் தீனி போடவும் இரண்டு பெற்றோர்கள் முன்வந்திருக்கிறார்கள். நுண்ணுயிர்கள் மீண்டும் குடியேற ஆறு வாரமாவது தேவைப்படும் என்பதால், இம்மாத இறுதிக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் இந்த ஆண்டு பள்ளி முடிவதற்குள் பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருவரின் தந்தை,
கோல சிலாங்கூர் மாவட்டம்